சிறைக் கம்பி வழியே பிரசங்கித்தவர்களின் வாரிசுகள்

1769ஆம் ஆண்டு முடியும் சமயத்தில், வர்ஜீனியாவின் கல்பெப்பர் ஊரில் ஜேம்ஸ் அயர்லாந்து என்கிற பாப்டிஸ்ட் போதகரைப் பிடித்துச் சிறையில் அடைத்தார்கள். அரசாங்கத்தின் அனுமதிப் பத்திரம் இல்லாமல் பிரசங்கம் செய்தார் என்பதுதான் குற்றம். அன்றைய வர்ஜீனியாவில் இங்கிலாந்துத் திருச்சபை ஒன்றே அரசாங்கச் சபை. அதன் குருமாருக்குச் சம்பளம் கொடுக்க மற்ற சபையாரும் வரி கட்டியாக வேண்டும். அயர்லாந்து உள்ளே போயும் அடங்கவில்லை. சன்னல் கம்பிக்குப் பின்னால் நின்று, வெளியே கூடிய சனங்களுக்குப் பிரசங்கித்தார். கேட்க வந்த கறுப்பின அடிமைகளின் சட்டையை உரித்துச் சாட்டையால் அடித்தார்கள். சிறையின் தரைக்கடியில் வெடிமருந்து வைத்துப் பார்த்தார்கள். கதவோரம் கந்தகத்தையும் மிளகையும் கொளுத்தி அவரை மூச்சுத் திணறடித்தார்கள். பிழைத்து வந்தவர் இதையெல்லாம் தன் வாழ்க்கை வரலாற்றில் எழுதிவைத்திருக்கிறார். அந்தச் சிறை இருந்த இடத்தில் பின்னாளில் ஒரு பாப்டிஸ்ட் சபையே எழும்பியது.

நான் பாளையங்கோட்டையில் பிறந்து, வேலூரில் நர்சிங் படித்து, அங்கேயே சில வருஷம் வேலை பார்த்தவள். தொண்ணூறுகளின் கடைசியில் வர்ஜீனியாவுக்கு வந்தோம். இங்கே ஒரு பாப்டிஸ்ட் சபையில் நானும் வீட்டுக்காரரும் அங்கத்தினர்கள். மனந்திரும்பி மறுபடியும் பிறக்க வேண்டும், வேதாகமமே இறுதி அதிகாரம், மீட்பு சிலுவையில்தான், அந்தச் செய்தியை நாலு பேருக்குச் சொல்ல வேண்டும் என்று நம்புகிறவர்களை அமெரிக்காவில் இவாஞ்சலிக்கல் கிறிஸ்தவர்கள் என்கிறார்கள். அந்தக் கணக்கில் நானும் ஒருத்தி. வெள்ளையர்களின் இவாஞ்சலிக்கல் சபைகள் குடியரசுக் கட்சி என்ற ஒரே கட்சியோடு கட்டுண்டு போனதால் அமெரிக்க ஜனநாயகத்துக்கு என்ன ஆயிற்று என்று எழுத நிறையப் பேர் இருக்கிறார்கள். சபைக்கு என்ன ஆயிற்று என்பதே என் வேதனை. ஆள்கிறவனின் முகத்துக்கு நேரே "நீ செய்தது பாவம்" என்று சொல்ல வேண்டிய வாயை அது அடைத்துவிட்டது. தாவீது ராஜாவின் அரண்மனைக்குள் போய் அதைச் சொன்ன நாத்தான் தீர்க்கதரிசியின் கதையை ஞாயிறு பள்ளியில் பிள்ளைகளுக்கு நான் எத்தனையோ தடவை சொல்லிக் கொடுத்திருக்கிறேன்.

மதமும் அரசும் தனித்தனியாக இருக்க வேண்டும் என்று அமெரிக்காவில் அடித்துப் பேசியவர்களில் முன்வரிசைக்காரர்கள் பாப்டிஸ்டுகள். கடவுள் நம்பிக்கை குறைந்ததால் அப்படிப் பேசவில்லை. சிறையில் பட்ட பாடு பேசவைத்தது. ஜான் லேலண்ட் என்ற போதகர் வர்ஜீனியாவில் ஊழியம் செய்த காலத்தில் மத சுதந்திரத்துக்காகப் போராடிய அரசியல்வாதி ஜேம்ஸ் மாடிசனுக்குப் பக்கபலமாக நின்றார். 1786இல் வர்ஜீனியாவின் மத சுதந்திரச் சட்டம் வந்தது. 1791இல் அரசியலமைப்பின் முதல் திருத்தம் வந்தது. பிறகு லேலண்ட் மாசசூசெட்ஸுக்குத் திரும்பினார். செஷயர் என்ற ஊரின் விவசாயக் குடும்பங்களைச் சேர்த்து ஏறத்தாழ 560 கிலோ எடையில் ஒரே பாலாடைக்கட்டியைச் செய்யவைத்தார். அதைப் பனிச்சறுக்கு வண்டியிலும் படகிலும் ஏற்றி வாஷிங்டனுக்குக் கொண்டுபோய், 1802 சனவரி 1ஆம் தேதி ஜனாதிபதி ஜெஃபர்சனிடம் ஒப்படைத்தார். அடிமை ஒருவரின் கையும் படாமல் செய்த கட்டி அது என்று அந்த ஊரார் பெருமையோடு சொன்னார்கள். அதே நாளில்தான் ஜெஃபர்சன் கனெக்டிகட்டின் டான்பரி பாப்டிஸ்டுகளுக்கு ஒரு கடிதம் எழுதினார். சபைக்கும் அரசுக்கும் நடுவே சுவர் வேண்டும் என்ற பேச்சு அமெரிக்காவில் ஊன்றியது அந்தக் கடிதத்தால். அந்தச் சுவரை இன்று நாத்திகர்களின் சூழ்ச்சி என்று பிரசங்க பீடத்தில் நின்று சொல்வதை என் காதால் கேட்கிறேன். கேட்கும்போதெல்லாம் டான்பரிக்காரர்களை நினைத்து நெஞ்சு பதறுகிறது.

கல்பெப்பரிலிருந்து ஏறத்தாழ இரண்டு மணி நேரம் காரில் போனால் லிஞ்ச்பர்க். போதகர் ஜெரி ஃபால்வெல் 1956இல் அங்கே தாமஸ் ரோடு பாப்டிஸ்ட் சபையைத் தொடங்கினார். 1965 மார்ச்சில், மார்ட்டின் லூதர் கிங் கறுப்பினத்தாரின் ஓட்டுரிமைக்காக செல்மாவிலிருந்து மான்ட்கோமரிக்கு நடைப்பயணம் புறப்பட்ட அதே ஞாயிற்றுக்கிழமை, ஃபால்வெல் ஒரு பிரசங்கம் செய்தார். போதகனின் வேலை ஆத்துமாக்களை ஆதாயம் பண்ணுவது, அரசியல் நடத்துவது அவன் வேலை இல்லை என்பது அதன் சாரம். பதினான்கு வருஷம் கழித்து, 1979இல், மாரல் மெஜாரிட்டி என்ற அரசியல் அமைப்பைத் தொடங்கியவரும் அவர்தான். நடுவில் என்ன நடந்தது?

கருக்கலைப்பு என்றுதான் சபையில் எல்லோரும் சொல்வார்கள். ஏடுகளைப் புரட்டினால் அந்தப் பதில் முழுசாக நிற்காது. 1971இல் செயின்ட் லூயிஸில் கூடிய சதர்ன் பாப்டிஸ்ட் மாநாடு, பலாத்காரம், சிசுவின் கடுமையான ஊனம், தாயின் உடல்நலம், மனநலம் ஆகிய காரணங்களுக்காகக் கருக்கலைப்பைச் சட்டம் அனுமதிக்கலாம் என்று தீர்மானம் போட்டது. 1973இல் கருக்கலைப்பை உரிமையாக்கிய உச்சநீதிமன்றத்தின் ரோ தீர்ப்பு வந்தபோது, டாலஸின் பெரிய சபையை மேய்த்த டபிள்யூ. ஏ. கிரிஸ்வெல், குழந்தை தாயிடமிருந்து பிரிந்து பிறந்த பிறகே தனி ஆளாகிறது என்று தான் கருதிவந்ததாகச் சொன்னார். பிற்காலத்தில் அந்தக் கருத்தை விட்டார். தீர்ப்பு வந்த நாளிலிருந்தே தெருவில் இறங்கியவர்கள் பெரும்பாலும் கத்தோலிக்கர்கள்.

வெள்ளை இவாஞ்சலிக்கல் தலைவர்களை முதலில் கூட்டிவைத்த பிரச்சினைகளில் பள்ளிக்கூட வரி முக்கியமானது. மிசிசிப்பியில் ஹோம்ஸ் கவுண்டி என்ற இடம். அரசுப் பள்ளியில் கறுப்பினப் பிள்ளைகளையும் சேர்க்கச் சொல்லி உத்தரவு வந்ததும், அங்கே படித்த வெள்ளைப் பிள்ளைகளின் எண்ணிக்கை முதல் வருஷமே 771இலிருந்து 28 ஆனது. அடுத்த வருஷம் ஒருவரும் இல்லை. எல்லோரும் புதிதாகத் திறந்த வெள்ளையர் தனியார் பள்ளிகளுக்குப் போய்விட்டார்கள். அப்படிப் பிரித்துவைக்கும் பள்ளிகளுக்கு எதற்கு வரிச்சலுகை என்று கறுப்பினப் பெற்றோர்கள் 1969இல் வழக்குப் போட்டார்கள்; 1971இல் வென்றார்கள். ஃபால்வெலின் சபையும் 1967இல் லிஞ்ச்பர்கில் ஒரு பள்ளி தொடங்கியிருந்தது. தென் கரோலினாவின் பாப் ஜோன்ஸ் பல்கலைக்கழகம் கறுப்பினத்தாரும் வெள்ளையரும் காதலிப்பதையும் கல்யாணம் செய்வதையும் தடை செய்திருந்ததால் 1976இல் வரிச்சலுகையை இழந்தது. 1983இல் உச்சநீதிமன்றமும் எட்டுக்கு ஒன்று என்ற கணக்கில் அதை உறுதிசெய்தது. அந்தத் தடையைப் பல்கலைக்கழகம் விலக்கிக்கொண்டது 2000இல்தான். மாரல் மெஜாரிட்டிக்கு வித்திட்ட அரசியல் வியூக வகுப்பாளர் பால் வைரிக், போதகர்களை உசுப்பியது இந்த வரி விவகாரமே என்று பிற்பாடு பலமுறை சொல்லியிருக்கிறார்.

இதை வைத்துக் கருக்கலைப்பு வெறும் சாக்கு என்று முடிவு கட்டுவது அநியாயம். 1979இல் ஃபிரான்சிஸ் ஷேஃபரும் டாக்டர் எவரெட் கூப்பும் ஊர் ஊராகப் படம் காட்டிப் பேசியபோது மனசாட்சி குத்தி மாறியவர்கள் ஏராளம். எங்கள் சபையில் ஒரு பாட்டி இருக்கிறார். துணையில்லாத கர்ப்பிணிப் பெண்களுக்காக ஊரில் நடக்கும் உதவி மையத்துக்கு இருபது வருஷத்துக்கு மேலாக வாராவாரம் போகிறார். டயபர், பால் பவுடர், தொட்டில் என்று சேர்த்துக் கொடுப்பார். பிரசவத்துக்கு ஆள் இல்லாத பெண்ணோடு ஆஸ்பத்திரியில் ராத்திரி உட்கார்ந்திருப்பார். பிரசவ வார்டில் வேலை பார்த்தவள் என்ற முறையில் அவர் கையைப் பிடித்துக் கும்பிட்டிருக்கிறேன். அவர் ஓட்டுப் போடுவதும் அந்தப் பிள்ளைகளை நினைத்துத்தான். அவருடைய அந்த அன்பை மொத்தமாக ஒரு கட்சிக்கு எழுதிக் கொடுத்தவர்கள் மேல்தான் என் கோபம்.

1980 தேர்தலை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு பக்கம் ஜிம்மி கார்ட்டர். மறுபடியும் பிறந்தவன் என்று வெளிப்படையாகச் சொன்னவர், ஜார்ஜியாவின் பிளெயின்ஸ் என்ற சின்ன ஊரில் ஞாயிறு பள்ளி நடத்தியவர். மறுபக்கம் விவாகரத்தான, கலிபோர்னியா கவர்னராக 1967இல் கருக்கலைப்பைத் தளர்த்தும் சட்டத்தில் கையெழுத்திட்ட ரொனால்ட் ரீகன். அந்த ஆகஸ்டில் டாலஸ் அரங்கத்தில் ஆயிரக்கணக்கான போதகர்களும் விசுவாசிகளும் திரண்டிருக்க, நீங்கள் என்னை ஆதரிக்க முடியாது என்று தெரியும், நான் உங்களை ஆதரிக்கிறேன் என்ற பொருளில் ரீகன் பேசினார். கூட்டம் ஆர்ப்பரித்தது. கார்ட்டர் தோற்று ஊர் திரும்பி, ஏழைகளுக்கு வீடு கட்டினார், தொண்ணூறு வயதைத் தாண்டியும் வேதபாடம் நடத்தினார். அந்த நாளிலிருந்து எங்கள் சபைகள் வேட்பாளரிடம் விசுவாசம் இருக்கிறதா என்று பார்ப்பதை விட்டுவிட்டு, நமக்கு என்ன தருவான் என்று பார்க்கப் பழகின.

பழக்கம் ஆராதனைக்குள்ளேயே வந்தது. நான் இங்கு வந்த புதிதில், தேர்தலுக்கு முந்தின ஞாயிறு, ஆராதனைத் தாளுக்குள் மடித்து வைத்த ஒரு காகிதம் கைக்கு வரும். இரண்டு வேட்பாளர்களின் படம், நடுவில் பத்துப் பன்னிரண்டு கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் ஆதரவு, எதிர்ப்பு. பேட் ராபர்ட்சன் தொடங்கிய கிறிஸ்டியன் கோயலிஷன் தொண்ணூறுகளில் பரப்பிய வழக்கம் இது. இன்னாருக்கு ஓட்டுப் போடுங்கள் என்று ஒரு வரிகூட இருக்காது. கருக்கலைப்பு இருக்கும், பள்ளியில் ஜெபம் இருக்கும், வரிக்குறைப்பும் இருக்கும். கூலிக்காரனின் சம்பளத்தைப் பற்றியோ அந்நியனை உபசரிப்பதைப் பற்றியோ கேள்வி இருந்து நான் பார்த்ததில்லை. வேதாகமத்தில் அந்த இரண்டும் எத்தனை இடத்தில் வருகின்றன என்பது திருநெல்வேலியில் ஞாயிறு பள்ளிக்குப் போன எந்தப் பிள்ளைக்கும் தெரியும்.

இவாஞ்சலிக்கல்கள் அரசியல் பக்கமே போகக் கூடாது என்று நான் சொல்லவரவில்லை. போய் உலகத்துக்கு நன்மை செய்த ஒரு காரியத்தை நான் மறக்க மாட்டேன். எய்ட்ஸ் மருந்துக்கான நிதி அது; அதன் அருமை எனக்கு வேலூரில் தெரிந்தது. 1986இல் சென்னையில் டாக்டர் நிர்மலா பாலியல் தொழிலாளர்களிடம் சேகரித்த இரத்த மாதிரிகள் பரிசோதனைக்கு வந்து சேர்ந்தது எங்கள் வேலூருக்கு. இந்தியாவில் எச்.ஐ.வி. இருப்பது அங்கேதான் முதலில் தெரிந்தது. அதற்குப் பின்னான வருஷங்களில் நான் வார்டில் இருந்தேன். மாத்திரை கிடையாது. எலும்பும் தோலுமாக வந்தவனை வராந்தாவில் படுக்கவைத்துவிட்டு, தண்ணீர் வாங்கி வருகிறோம் என்று போன குடும்பம் திரும்பாது. வாயெல்லாம் வெள்ளைப் புண்ணாக இருக்கும், கஞ்சி இறங்காது. பஞ்சை நனைத்து நாங்கள்தான் உதட்டைத் துடைப்போம். ஐடா ஸ்கடர் என்ற அமெரிக்க மிஷனரிப் பெண் 1900இல் ஒற்றைக் கட்டிலோடு தொடங்கிய ஆஸ்பத்திரி அது. யாரையும் தொட மாட்டேன் என்று சொல்ல எங்களுக்கு அங்கே அனுமதி இல்லை.

அமெரிக்காவிலும் ஆரம்பத்தில் பல போதகர்கள் அந்த நோயைக் கடவுளின் தண்டனை என்றே பேசினார்கள். பிறகு ஆப்பிரிக்காவிலிருந்து மிஷனரிகளும் மருத்துவர்களும் வந்து கண்ணால் கண்டதைச் சொல்லச் சொல்ல, சபைகள் மாறின. எய்ட்ஸுக்குப் பணம் ஒதுக்குவதைக் கடுமையாக எதிர்த்துவந்த வட கரோலினா செனட்டர் ஜெஸ்ஸி ஹெல்ம்ஸே 2002இல் மனம் மாறி நிதி கேட்டார். 2003 சனவரியில் ஜனாதிபதி ஜார்ஜ் புஷ் ஐந்து வருஷத்துக்கு 1,500 கோடி டாலர் என்று அறிவித்தார். பெப்ஃபார் என்கிற அந்தத் திட்டம் 2.5 கோடி உயிர்களைக் காப்பாற்றியிருப்பதாக அமெரிக்க அரசே கணக்குச் சொல்கிறது. வேலூர் வராந்தாவைப் பார்த்த எனக்கு அந்த எண்ணின் அர்த்தம் தெரியும். அன்று சபைகள் ஓட்டைக் காட்டி மிரட்டவில்லை. சாகிறவர்களுக்காகக் கெஞ்சின, அதிகாரம் செவிகொடுத்தது.

2025 சனவரி 20ஆம் தேதி, டிரம்ப்பின் புதிய அரசு பதவியேற்ற அன்றே, வெளிநாட்டு உதவிகளைத் தொண்ணூறு நாளுக்கு நிறுத்திவைத்தது. உயிர்காக்கும் மருந்துக்கு விலக்கு என்று சில நாளில் சொன்னார்கள். அதற்குள் பல நாடுகளில் மருந்தகங்கள் பூட்டிக்கிடந்தன, ஊழியர்கள் வீட்டுக்குப் போயிருந்தார்கள். அதே நாளில் அகதிகள் வருகையை நிறுத்தும் உத்தரவும் வந்தது. அமெரிக்க இவாஞ்சலிக்கல் சங்கத்தின் வேர்ல்ட் ரிலீஃப் என்ற தொண்டு நிறுவனம்தான் எத்தனையோ அகதிக் குடும்பங்களை இங்கே குடியமர்த்திவந்தது. 2021இல் காபூல் விழுந்தபோது எங்கள் சபையும் ஓர் ஆப்கன் குடும்பத்தை ஏற்றுக்கொண்டது. வாடகை வீட்டுக்குக் கட்டில் சுமந்தவர்கள், சோறாக்க குக்கர் வாங்கிக் கொடுத்தவர்கள், பிள்ளைகளைப் பள்ளியில் சேர்த்தவர்கள் எல்லோருமே டிரம்ப்புக்கு ஓட்டுப் போடுகிறவர்கள். அந்தக் குடும்பத்தின் தங்கை அமெரிக்கா வர வரிசையில் காத்திருந்தாள். அவள் வர முடியாமல் போன வாரத்தில், பொது ஜெபத்தில் அவள் பெயரைச் சொல்லலாமா என்று கேட்டேன். பீடத்திலிருந்து சொன்னால் அரசியலாகிவிடும் என்றார்கள். முந்தின நவம்பரில் தேர்தல் முடிவுக்கு அதே பீடத்திலிருந்து ஸ்தோத்திரம் ஏறெடுத்ததை நான் கேட்டிருக்கிறேன்.

வாய் அடைபட்டதை இன்னொரு விதமாகவும் பார்க்கலாம். 1998இல், ஜனாதிபதி கிளின்டனின் பாலியல் விவகாரம் நாறிக்கொண்டிருந்தபோது, சதர்ன் பாப்டிஸ்ட் மாநாடு சால்ட் லேக் சிட்டியில் கூடி, ஆள்கிறவர்களின் ஒழுக்கக்கேட்டைப் பொறுத்துக்கொண்டால் சமுதாயத்தின் மனசாட்சி மரத்துவிடும் என்ற கருத்தில் ஒரு தீர்மானம் போட்டது. நல்ல தீர்மானம், இன்றும் அதில் ஒரு வரியைக்கூட மாற்ற மாட்டேன். தனிவாழ்வில் ஒழுக்கம் தவறியவர் பொதுப்பதவியில் நேர்மையாக நடக்க முடியுமா என்று பி.ஆர்.ஆர்.ஐ. ஆய்வு நிறுவனம் 2011இல் கேட்டபோது, முடியும் என்ற வெள்ளை இவாஞ்சலிக்கல்கள் 30 சதவீதம். 2016இல் அதே கேள்விக்கு 72 சதவீதம். ஐந்து வருஷத்தில் வேதாகமம் மாறவில்லை. வேட்பாளர் மாறியிருந்தார். 2016, 2020, 2024 மூன்று தேர்தலிலும் வெள்ளை இவாஞ்சலிக்கல்களில் ஏறத்தாழப் பத்துக்கு எட்டுப் பேர் டிரம்ப்புக்கே ஓட்டுப் போட்டார்கள்.

பேசியவர்கள் இல்லாமல் இல்லை. புகழ்பெற்ற சுவிசேஷகர் பில்லி கிரஹாம் தொடங்கிய கிறிஸ்டியானிட்டி டுடே பத்திரிகை, ஜனாதிபதி டிரம்ப்பைப் பதவியிலிருந்து நீக்க வேண்டும் என்று 2019 டிசம்பரில் தலையங்கம் எழுதியது. ஏறத்தாழ 200 இவாஞ்சலிக்கல் தலைவர்கள் அதைக் கண்டித்துக் கையெழுத்திட்டார்கள். 1956இல் சென்னைக்கும் வந்து பிரசங்கித்த அதே கிரஹாம், ஜனாதிபதி நிக்சனோடு நெருங்கிப் பழகி, வாட்டர்கேட் ஊழல் வெளிவந்தபோது மனம் உடைந்தவர். அரசியலிலிருந்து விலகி நின்றிருக்க வேண்டும் என்று 2011இல், தொண்ணூற்றிரண்டு வயதில், சொன்னார். சதர்ன் பாப்டிஸ்ட் அமைப்பில் ஒழுக்கம், மத சுதந்திரம் ஆகியவற்றுக்கான பொறுப்பிலிருந்த ரஸல் மோர், டிரம்ப்பைக் குறைசொன்ன நாளிலிருந்து நெருக்கப்பட்டு, 2021இல் விலகினார்.

இங்கே ஆஸ்பத்திரியில் என்னோடு இரவுப் பணி பார்த்த கறுப்பினத் தோழி ஒருத்தி உண்டு. நாங்கள் இருவரும் நம்புவது ஒரே விசுவாசப் பிரமாணம், பாடுவது ஒரே கீர்த்தனைகள். கருக்கலைப்பைப் பற்றி அவளும் எங்கள் சபைப் பாட்டியைப் போலவே துக்கப்படுவாள். அவள் சபையில் பெரும்பாலோர் ஜனநாயகக் கட்சிக்கு ஓட்டுப் போடுகிறவர்கள். வேதாகமம்தான் எங்கள் ஓட்டைத் தீர்மானிக்கிறது என்று எங்கள் சபையார் சொல்லும்போது நான் அவளை நினைத்துக்கொள்வேன். அதே வேதாகமத்தை, அதே பயபக்தியோடு, அடிமைத்தனத்தின் காலத்திலிருந்து கையில் வைத்திருப்பவர்கள் அவர்கள். சதர்ன் பாப்டிஸ்ட் அமைப்பே அடிமை வைத்திருந்தவர்களும் மிஷனரி ஊழியம் செய்ய உரிமை வேண்டும் என்ற சண்டையில் 1845இல் பிரிந்து உண்டானது. அதற்கு மன்னிப்புக் கேட்டது 1995இல். மன்னிப்புக் கேட்கத் தெரிந்த ஜனங்கள் இவர்கள் என்பதே எனக்கு இருக்கும் நம்பிக்கை.

வாலிபர்கள் போய்க்கொண்டிருக்கிறார்கள். 2006இல் அமெரிக்க மக்களில் 23 சதவீதமாக இருந்த வெள்ளை இவாஞ்சலிக்கல்கள் இப்போது 14 சதவீதத்தைச் சுற்றி நிற்கிறார்கள். எங்கள் சபையை விட்டுப்போன பிள்ளைகளில் சிலர் நான் வேதபாடம் சொல்லிக்கொடுத்தவர்கள். கடவுள் இல்லை என்று அவர்கள் என்னிடம் சொல்லவில்லை. நாத்தானின் கதையைச் சொல்லித்தந்தவர்கள் ஏன் ஆன்டி பேசாமல் இருக்கிறீர்கள் என்று கேட்டார்கள்.

1954இல் லிண்டன் ஜான்சன் கொண்டுவந்த சட்டப்படி, வரிச்சலுகை பெறும் சபைகள் வேட்பாளரை ஆதரிக்கவோ எதிர்க்கவோ கூடாது. 2025 சூலையில் வருமானவரித் துறை, ஆராதனையில் போதகர் தன் சபையாருக்கு வேட்பாளரைப் பற்றிச் சொல்வது அந்தத் தடைக்குள் வராது என்று டெக்சாஸ் நீதிமன்றத்தில் எழுதிக் கொடுத்தது. பல போதகர்கள் இதை விடுதலை என்று கொண்டாடுகிறார்கள். எனக்குப் பயமாக இருக்கிறது. இனி கட்சிக்காரன் சபை வாசலுக்கே வருவான். மறுக்கப் போதகருக்குச் சட்டமும் துணைக்கு இல்லாமல் போகலாம்.

பாப்டிஸ்ட் சபையில் பிஷப் கிடையாது. சபைக் கூட்டத்தில் போதகருக்கு ஒரு ஓட்டு என்றால் எனக்கும் ஒரு ஓட்டு. அடுத்த கூட்டத்துக்கு நான் ஒரு தீர்மானம் எழுதிக் கொடுத்திருக்கிறேன். சட்டம் அனுமதித்தாலும் எங்கள் பீடத்திலிருந்து எந்த வேட்பாளரின் பெயரும் ஆதரவாகவோ எதிர்ப்பாகவோ வரக் கூடாது. வாக்காளர் கையேடு ஆராதனைத் தாளுக்குள் வைக்கப்படக் கூடாது. வர முடியாமல் நிற்கும் அந்தத் தங்கையின் பெயர் ஞாயிறுதோறும் ஜெபத்தில் சொல்லப்பட வேண்டும். எய்ட்ஸ் மருந்துக்கான நிதியை முழுமையாகத் தரச் சொல்லி எங்கள் தொகுதியின் காங்கிரஸ் உறுப்பினருக்குச் சபையின் பெயரில் கடிதம் போக வேண்டும். உதவி மையத்துக்குப் போகும் அந்தப் பாட்டி அதை வாங்கிப் படித்துவிட்டு, கடைசி இரண்டுக்கும் கை தூக்குகிறேன், முதல் இரண்டைப் பற்றி உன்னோடு உட்கார்ந்து பேச வேண்டும் என்றார். வியாழக்கிழமை அவர் வீட்டுக்குப் போகிறேன்.